கடைசிப் பக்கம் எழுதிய அம்மாள்

அந்த அம்மாளின் பெயரை நான் ஒரு தடவைகூட இதழில் போட்டதில்லை. ஒன்பது வருஷம் எங்கள் காலாண்டிதழின் கடைசிப் பக்கத்தை எழுதியவர் அவர். நான் ஆசிரியர். முதல் முறை பெயர் விடுபட்டபோது, இடம் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ வரையச் சொன்னேன். வரைந்ததும் அவர்தான்.

பொறாமைதான். எண்பதை நெருங்குகிறேன், இனி மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆபீசில் எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவர்கள் மேல் வராத பொறாமை, ஊரில் மாடி வீடு கட்டிய மச்சான் மேல் வராத பொறாமை, அந்த அம்மாள் மேல் வந்தது. இன்னமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எழுத உட்காரும்போதே தெரிகிறது.

எழுபதுகளில் டில்லி சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ‘தென்முற்றம்’ என்று ஓர் இதழ் நடத்தினோம். ‘தலைநகர்த் தமிழரின் வாழ்வும் மரபும்’ என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்கும். அச்சடிக்க வசதி கிடையாது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் கையால் எழுதி, மந்திர் மார்க் பக்கம் ஒரு நண்பரின் அறையில் இருந்த உருளை மெஷினில் சுற்றி எடுப்போம். மொத்தம் இருபத்து நான்கு பக்கம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கிற கடையில் கொஞ்சம் பிரதி வைப்போம். மற்றவை வீடு வீடாகப் போகும்.

முன்பாதி பெரும்பாலும் நான் எழுதியதாகவே இருக்கும். கல்வெட்டு, கோயில் தூண், முதுமக்கள் தாழி, பழைய துறைமுகங்கள். கும்பகோணத்துக்காரன் என்பதால் கோயிலைப் பற்றிப் பேச எனக்குத்தான் உரிமை என்று ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். ஆனால் இதழ் கைக்குப் போனதும் ஜனங்கள் அதைக் கவிழ்த்துப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள். ஒரு நாள் பஸ்ஸில் என் எதிரிலேயே ஒருவர் கடைசிப் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, மிச்சம் இருபத்து மூன்று பக்கத்தையும் சுருட்டி விசிறிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

அந்த அம்மாள் எழுத வந்தவரே இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஸ்டென்சில் எழுதக் கூப்பிட்டோம். கோயம்புத்தூர்ப் பக்கம். கணவருக்குத் தணிக்கை வேலை, மாதத்தில் பாதி நாள் டூரில் இருப்பார். குழந்தைகள் இல்லை. எங்கள் வரிசைக்குப் பின்வரிசையில் தரைத்தளத்துக் குவார்ட்டர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஒரு காக்கித் துணிப்பையோடு வருவார். வாசலில் பழைய நெய் டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். டில்லிக் குளிரில் அது மூன்று தடவை செத்துப் போனது. மூன்று தடவையும் அவர் விடாமல் பிழைக்க வைத்தார். யார் வீட்டுக்குப் போனாலும் அதிலிருந்து ஒரு கொத்துக் கொண்டுபோவார்.

ஓர் இதழில் என் கட்டுரை ஒரு பக்கம் குறைந்துவிட்டது.

“சார், கடேசிப் பக்கம் காலியா இருக்குதுங்க. நான் ஏதாச்சும் எழுதட்டுங்களா?”

“கோலம் ஏதாவது போட்டு விடுங்கம்மா” என்றேன்.

கோலம் போடவில்லை. மே மாதத்தில் டில்லியில் ஆந்தி என்று ஒரு புழுதிக்காற்று அடிக்கும். காயப்போட்ட வடாமெல்லாம் மணலாகிவிடும். கயிற்றுக்கட்டிலில் வேட்டியை விரித்து வடாம் பிழிந்து, மேலே கொசுவலையைக் கட்டி, நான்கு காலிலும் செங்கல் வைத்துக் காயவைத்த ஒரு வேலூர்க்காரப் பெண்ணைப் பற்றி இருபது வரி எழுதியிருந்தார். அந்த இதழுக்கு ஒன்பது தபால் கார்டு வந்தது. ஒன்பதும் கொசுவலையைப் பற்றி. அதில் ஒருவர் மட்டும் என் தாழிக் கட்டுரையைக் குறிப்பிட்டு, எழுத்து மங்கலாக விழுந்திருக்கிறது என்று குறை சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் அவருக்கென்று ஆகிவிட்டது. நான் அதை ‘வாசகியர் பக்கம்’ என்று ஆக்கி வைத்தேன். பல வாசகியர் எழுதுவதுபோலத் தெரியட்டும் என்றுதான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. எந்த வீட்டு அடுக்களைக்குள் போனாலும் தரையில் உட்கார்ந்துவிடுவார். அங்கே என்ன வேலை கிடக்கிறதோ அதைக் கையில் எடுத்துக்கொள்வார். பூண்டு உரிப்பார், அரிசியில் கல் பொறுக்குவார், கீரை ஆய்வார். கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவே மாட்டார். அப்புறம் பூண்டைப் பார்த்துக்கொண்டே, “இதை உங்கம்மா எப்படிங்க பண்ணுவாங்க?” என்பார். அவ்வளவுதான். மதுரைக்காரியோ ஆற்காட்டுக்காரியோ, அரை மணி நேரத்துக்கு நிறுத்த முடியாது. அவர் நோட்டை வெளியே எடுக்க மாட்டார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எழுதுவார். எழுதியதை மறுநாள் அதே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, “இது அப்படியே போடலாமுங்களா?” என்று கேட்பார். அந்தப் பெண் தயங்கினால் தாளை அந்த வீட்டு அடுப்பிலேயே வைத்துவிடுவார்.

ஒரு நல்ல கட்டுரை அப்படி எரிந்தது. ஒரு தஞ்சாவூர்க்காரப் பெண்ணின் பிறந்த வீட்டு வளைகாப்பு வழக்கம். எனக்குத் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஆவணம்மா அது. எரிக்கிறதுக்கு உங்களுக்கு என்ன உரிமை?”

“அவங்களுதுங்க சார்” என்றார்.

நானும் அந்த வித்தையைச் செய்து பார்க்காமல் இல்லை. தெரிந்த ஒரு வீட்டுக்குப் போய், பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, “கார்த்திகைப் பொரியை உங்க அம்மா எப்படிப் பண்ணுவாங்க?” என்று கேட்டேன். அந்தப் பெண் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கணவரை எழுப்பி அனுப்பினாள். அவர் பனியனோடு வந்து உட்கார்ந்து பஞ்சப்படி எப்போது வரும் என்று கேட்டார். இன்னொரு வீட்டில் தைரியமாக முறத்தை இழுத்து வைத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். “ஐயோ, சார், வையுங்க” என்று பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் ஏதாவது சண்டையா என்று மறுநாள் அந்த வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

இன்னொரு தடவை, கட்டட வேலைக்கு வந்து ஜுக்கிக் குடிசையில் குடியிருந்த ஒரு தர்மபுரிப் பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். கேழ்வரகு கிடைக்காமல், பாஜ்ரா என்று இங்கே விற்கிற கம்பு மாவில் களி கிண்டுகிறவள். ஊர்க் களியைவிட இது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் அவள் கிண்டுகிற கோலைச் சின்னதாக வெட்டிக்கொண்டாளாம்.

“இதில் மரபு எங்கேம்மா இருக்கு? களின்னா கேழ்வரகு. பாஜ்ரா இந்த ஊர்க் கடை மாவு” என்றேன்.

“கோலு அவங்கம்மாளுதுங்க சார். ரயில்ல கொண்டாந்தது. அதைத்தான் வெட்டியிருக்குறாங்க.”

போட்டேன். கரோல் பாக்கிலிருந்து ஒரு டெபுடி செகரட்டரியின் மனைவி கடிதம் எழுதினாள், படித்துவிட்டு அழுததாக. என் துறைமுகக் கட்டுரை படித்து யாரும் அழுததில்லை.

இதெல்லாம் எழுத்தாளப் பொறாமை. இது எல்லோருக்கும் வருவதுதான், தாங்கிக்கொள்ளலாம். அடுத்தது அப்படி இல்லை.

என் மனைவி நாகர்கோவில்காரி. கல்யாணமான முதல் வாரத்தில் அவள் “பாத்துக்கிடுங்க” என்று பேசுவதைக் கேட்டு நான் சிரித்தேன். என் அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல் என்று சொல்லச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு, எங்கள் குழம்பைக் கற்றுக்கொண்டு, குறைவாகப் பேசுகிறவள் என்று பெயரும் வாங்கிவிட்டாள். நல்ல அடக்கமான பெண் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அம்மாள் எங்கள் வீட்டு அடுக்களையிலும் உட்கார்ந்து பூண்டு உரித்திருக்கிறார். எனக்கு அது தெரியும். ஆனால் எங்கள் வீட்டைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிகூட வந்ததில்லை. சொல்வதற்கு இவளிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. யாரோ ஒரு முன்னாள் அமைச்சர் காலமாகி, பன்னிரண்டரை மணிக்கு ஆபீசுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. டில்லிக்காரர்கள் உமஸ் என்பார்களே, அந்தப் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் பூட்டு. அந்த நேரத்தில் என் வீடு பூட்டியிருந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் சர்தாரணி எட்டிப் பார்த்து, “பாபிஜி பீச்சே வாலி லைன் மே கயீ ஹை” என்று பின்வரிசையைக் காட்டினாள். பிறகு தானாகவே, “ஹர் மங்கள்வார்” என்றாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையுமாம். என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

பின்வரிசைக்குப் போனேன். அந்த அம்மாளின் குவார்ட்டருக்கு எதிரே இருந்த சின்னப் பார்க்கில், வேப்பமரத்தடியில், எனக்கு முன்பே நான்கு பேர் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தமிழர்கள், எல்லோருக்கும் அரை நாள் லீவு, எல்லோர் வீடும் பூட்டு.

“உள்ள போகாதீங்க சார், விடமாட்டாங்க” என்றார் ஒருவர்.

நான் ஆசிரியர் அல்லவா? போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார். கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தார்.

“இன்னும் முக்கால் மணி நேரமாகுமுங்க சார். பார்க்குல உக்காந்திருங்க. சாவி வேணுமின்னா வாங்கியாந்து தர்றனுங்க.”

“உள்ளே என்ன நடக்குது?”

“பொம்பளைங்க நோம்புங்க.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். தெற்கே செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் மட்டும் கூடிச் செய்கிற நோன்பு. உப்பில்லாத கொழுக்கட்டை. ஆண் பிள்ளை என்றால் கைக்குழந்தைக்குக்கூட உள்ளே இடமில்லை. பார்க்கக் கூடாது, தின்னக் கூடாது, என்ன செய்கிறார்கள் என்று கேட்கவும் கூடாது. ஊரில் ஆண்கள் தூங்கிய பிறகு செய்வார்களாம். ஒரு அறையும் அடுக்களையும் உள்ள குவார்ட்டரில் அதற்கு எங்கே போவது? அதனால் எங்களை ஆபீசுக்கு அனுப்பிவிட்டுப் பகலில் செய்திருக்கிறார்கள். அரசாங்கம் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். அமைச்சர் ஒருவர் செத்துப்போவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

நான் அங்கேயே நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ கதை சொல்கிறார்கள். ஏற்றி இறக்கி, நிறுத்தி, கேட்பவர்களைச் சிரிக்கவைத்து, மறுபடி தொடங்கி. நல்ல நாஞ்சில் நாட்டுப் பேச்சு. “அவ என்ன செய்தான்னு கேளுங்க, சொல்லுகேன்” என்றது குரல். யாரடா இந்த அம்மாள், இவரையும் இதழில் எழுதவைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம்தான் அது என் மனைவி என்று தெரிந்தது.

சாவி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பதினொரு வருஷம் என் வீட்டில் இருந்த குரல் அந்த அம்மாள் வீட்டில் போய்த் திறந்துகொண்டதே என்றுதான் திரும்பத் திரும்ப மனசு கிடந்து புழுங்கியது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன்.

“எத்தனை வருஷமா நடக்குது?”

“நாலு வருஷமா.”

“யார் ஆரம்பிச்சது?”

“எங்க அம்மா எப்படிப் பண்ணுவாங்கன்னு பின்வரிசை அக்கா கேட்டாங்க. சொன்னேன். டில்லி வந்ததிலருந்து விட்டுப்போச்சுன்னேன். நம்ம வீட்டுக்கு வாங்க, ஆம்பளைங்க ஆபீஸ் போனப்புறம் பண்ணலாம்னாங்க. அவங்க பக்கத்தில இந்த நோம்பே கிடையாது. எனக்காகத்தான் ஆரம்பிச்சாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலியே” என்றாள். கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த அம்மாளிடம் இருப்பதை எப்படியாவது பிடுங்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. என் வீட்டுப் பெண்ணின் மரபு, என் இதழ், அதை எழுத வேண்டியவன் நான். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த வருஷம்தான் முதன்முதலாக அவளையும் நோன்புக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆரஞ்சு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்து மெதுவாக வாயைக் கிளறினேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் செய்தேன்.

“கொழுக்கட்டை எப்படி எப்படியெல்லாம் பண்ணுவாங்க, கண்ணு?”

“ஹாத்தி பண்ணுவாங்க. அப்புறம் ஊண்ட்.”

“யானை சரி. ஊண்டா? ஒட்டகமா?”

“ஹாம். பெருசா. அதை நடுவுல வெச்சு மாலை போடுவாங்க. எல்லாரும் ஏழு தடவ சுத்துவாங்க. அப்புறம் அது காதுல எல்லாரும் ஒரு சீக்ரெட் சொல்லுவாங்க.”

“பாட்டு உண்டா?”

“இருக்கு. எனக்குச் சமஜ் ஆகல” என்றாள், புரியவில்லை என்பதற்கு. இரண்டாவது ஐஸும் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

ஒட்டகம் என்ற சொல் என்னை ஆட்டிவிட்டது. சங்கப் பாடல்களில் ஒட்டகம் வருகிறது. துறைமுகங்களுக்கு மேற்கிலிருந்து வணிகர்கள் வந்திருக்கிறார்கள். கடைக்கோடித் தென்நாட்டுப் பெண்கள் யாருக்கும் காட்டாமல் காப்பாற்றி வந்த ரகசியச் சடங்கில் பாலைநிலத்து விலங்கு. நான்கு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கிடந்தேன். ‘மாவில் பதிந்த ஒட்டகம்’ என்று எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வேகத்தில் எழுதியதில்லை.

ஸ்டென்சில் எழுதுவது அந்த அம்மாள்தானே? கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மெதுவாக எட்டுப் பக்கமும் படித்தார். ஒட்டகம் வந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அடி பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

“சார், இது அப்படியே போடலாமுங்களா?”

எல்லா வீட்டிலும் போய்க் கேட்கிற அதே கேள்வி. எனக்குச் சுருக்கென்றது. கெஞ்சுகிறார், நிறுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். நிறுத்த மனசில்லை.

“என் கட்டுரை. ஒரு எழுத்து மாறாமல் போடுங்க.”

“சரிங்க” என்றார். பிறகு, “ஒட்டகத்துக்குப் பக்கத்துல ஒரு படம் போடட்டுங்களா? பக்கம் பாக்க நல்லா இருக்கும்” என்றார்.

போட்டார். எழுத்தாணியால் கீறிய ஒரு கொழுக்கட்டை ஒட்டகம். ஒற்றைத் திமில், கழுத்தில் மாலை. அவர் வரைந்ததிலேயே அதுதான் அழகு என்று இன்றும் சொல்வேன்.

அந்த இதழ் வந்தபோது முதன்முறையாக ஜனங்கள் முன்பக்கத்திலிருந்து திறந்தார்கள். இருபத்தேழு தபால் கார்டு. எல்லாம் ஆண்கள். ஒரு பேராசிரியர் என் துணிச்சலான முடிவைப் பாராட்டி நாலு பக்கம் எழுதியிருந்தார். ஒரு விழா மலரில் கட்டுரையை எடுத்துப் போட்டார்கள். மனைவி அதை நின்றுகொண்டே படித்தாள்.

“இதெல்லாம் யாரு சொன்னது?”

“ஆராய்ச்சி” என்றேன்.

இதழை என் கையிலேயே கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே ஒரு மூடி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சை அடக்குகிறமாதிரி ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் ஆடியில் நோன்பு நின்றுபோகும், அந்த அம்மாள்தான் எனக்குச் சொல்லிவிட்டார் என்று பெண்கள் அவரை ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் விரும்பினேன் என்றே எழுதிவிடுகிறேன். ஆனால் நோன்பு நிற்கவில்லை. கூட்டம் அதிகமானது. ராமகிருஷ்ணபுரத்திலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் அவர் கணவர் ஓய்வு பெற்று, கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது கறிவேப்பிலைச் செடியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். “போய்ட்டு வர்றனுங்க சார்” என்றார். அவர் போன பிறகு கடைசிப் பக்கத்தை நான் எழுதிப் பார்த்தேன். இரண்டு இதழ் வந்தது. மூன்றாவது இதழுக்கு ஆளில்லாமல் ‘தென்முற்றம்’ நின்றது.

போன ஆடியில், ஒரு திங்கட்கிழமை, அவர் இறந்துபோனதாக அவருடைய அக்கா மகன் போன் செய்து சொன்னார். மனைவியும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். மகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. டில்லி துவாரகாவில் அவள் வீட்டோடுதான் இருக்கிறோம். அழுதுகொண்டிருந்தவர்கள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒட்டகம் என்ற சொல் காதில் விழுந்தது.

“என்ன ஒட்டகம்?” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“சொல்லிரு. இனிமே என்ன?” என்றாள் மனைவி.

“அப்பா, அன்னிக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தீங்களே, அதெல்லாம் நான் இட்டுக்கட்டினது. ரிபப்ளிக் டே பரேட்ல ஊண்ட் பாத்தேன்ல, அதைச் சொன்னேன்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. ஆன்ட்டிதான் எங்ககிட்டச் சொல்லிவெச்சிருந்தாங்க. யாராச்சும் கேட்டாத் தெரியாதுன்னு சொல்லாதீங்க கண்ணுகளா, அப்பத்தான் விடவே மாட்டாங்க. ஏதாச்சும் அழகாச் சொல்லிட்டு ஓடி வந்துருங்கன்னு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம். விழா மலர். பேராசிரியரின் கடிதத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் எல்லாம் பொய் என்று தெரிந்தே, ஓர் எழுத்து மாறாமல், முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார். படம் வேறு போட்டிருக்கிறார். அப்படியே போடலாமுங்களா என்று கேட்டது எனக்காகத்தான் என்று நாற்பது வருஷம் கழித்து உறைத்தது. அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

“ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க.”

“சிரிச்சோம்” என்றாள் மனைவி. “அடுத்த ஆடியில அக்கா ஒரு ஒட்டகம் பிடிச்சு வெச்சாங்க பாத்துக்கிடுங்க. சாரோட ஒட்டகம்னாங்க. பாவம், சார் நாலு ஞாயித்துக்கிழமை உழைச்சிருக்காரு, அவருக்கும் ஒண்ணு இருக்கட்டும்னாங்க. அதிலருந்து வருஷா வருஷம் உங்க பேரைச் சொல்லி ஒரு ஒட்டகம் பண்ணுகோம்.”

அவள் பேசிய பேச்சைக் கவனித்தேன். கல்யாணமான அந்த முதல் வாரத்துக்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சில் அவள் பேசியதில்லை. நான் சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷம் நான் பெயர் போடாத மனுஷி, எந்த ஆணும் நுழையாத இடத்தில் என் பெயரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இதிலும் அவர்தான் ஜெயித்தார் என்று ஒரு பக்கம் எரிச்சல் வந்தது. இப்போதாவது அவர் பெயரை எழுதிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். அக்காவைக் கேட்காமல் போடக் கூடாது, கேட்க இப்போது அக்கா இல்லை என்றாள். அதனால் இதிலும் பெயர் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே நோன்புக்கு எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். நானே போய் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். மகள் காப்பி ஊற்றினாள். குடையும் ஃப்ளாஸ்க்குமாகக் கீழே இறங்கி, எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். நல்ல உமஸ். மூன்று மணி வாக்கில் மேலே எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒட்டகம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வாய் காப்பி குடித்தேன்.